தளபதி சுமந்த மூட்டை

"ஏன் தோத்தோம்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றார் தளபதி அரங்கநாதன்.

நாடே நடுங்கும் மனிதர். குரு அபிராமி அம்மாள் முன்னால் மட்டும் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தும் அம்மாளுக்கு அவர் மீசை வைத்த குழந்தைதான்.

"விவரமா சொல்லுப்பா."

"ஒரு வாரம் விடாம பீரங்கியால அடிச்சோம். எதிரியோட பதுங்குகுழியில எறும்புகூட மிஞ்சாதுன்னு நம்பினோம். ஆனா அவங்க ஆழத்துல பத்திரமா இருந்திருக்காங்க. நம்ம பசங்க பாதிப் பேர் சாயங்காலம் திரும்பி வரல."

தளபதி செருமிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில மறுபடியும் அனுப்பறேன். பீரங்கியைக் கூட்டினா போதுமா?"

"பசங்க எதிரியை நோக்கி ஓடினாங்களா?"

"இல்லம்மா, நடந்தாங்க. வரிசை கலையாம நடக்கணும்னு என் உத்தரவு. சுமை வேற இருந்துச்சே."

"என்ன சுமை?"

"மண்வெட்டி, முள்கம்பிச் சுருள், சாப்பாடு, தண்ணி. பிடிச்ச இடத்துல தங்கணும் இல்லையா?"

"ஓகோ. பிடிக்கிறதுக்கு முன்னாடியே குடித்தனச் சாமானா!"

அம்மாள் எழுந்து உள்ளே போனார். ஓர் அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், மண்வெட்டி, தோசைக்கல். எல்லாவற்றையும் தளபதியின் முதுகில் வைத்துக் கயிற்றால் இறுக்கினார்.

"தோட்டத்துக் கடைசியில வேலி இருக்கு பாரு. அதைத் தொட்டுட்டு வா. நடந்துதான் போகணும்."

குரு சொன்னால் சொன்னதுதான். தளபதி நடந்தார்.

முதல் அழுகல் தக்காளி காதில் வந்து அடித்தது. திரும்பியதும் அடுத்தது நெஞ்சில், பதக்கத்தின் மேல். அம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடையும் கையுமாக நின்றார். நல்ல குறி அவருக்கு.

கத்தரிப் பாத்திவரைகூடப் போக முடியவில்லை. பூசணிக்கொடி காலில் சிக்கி, தளபதி குடத்தோடு குப்புற விழுந்தார்.

"அம்மா! முதுகில இவ்வளவையும் கட்டிட்டு நடன்னா எப்படி நடக்கிறது? இதை அவிழ்த்துவிடுங்க. இல்லன்னா நான் ஒரு அடி நகரமாட்டேன்!"

அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கயிற்றை அவிழ்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் மீசையைத் துடைத்தார்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"வாயைத் திறந்து சொன்னியே, என் தங்கம். உன் பசங்க உங்கிட்ட இப்படிச் சொன்னாங்களா?"

தளபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருத்தன் சொன்னான்மா. தாமோதரன்னு பேரு. சுமையைக் குறைங்க, ஓட விடுங்கன்னான்."

"நீ என்ன செஞ்ச?"

"கோழைன்னு திட்டி, முன்வரிசையில நிறுத்தினேன்."

அம்மாள் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். தளபதி குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மாளும்தான்.

பிறகு தளபதி எழுந்து, வாசலில் கட்டியிருந்த குதிரையை அவிழ்த்தார்.

"முகத்தையாவது கழுவிட்டுப் போப்பா. இந்தக் கோலத்துலயா பாசறைக்குப் போவ?"

"நேரமில்லம்மா. விடியறதுக்குள்ள பசங்க எல்லாரையும் கேட்கணும்."