பட்டன் டப்பா

புகார்ப் பெட்டியில் அந்தத் திங்கட்கிழமை ஒரே ஒரு சீட்டுதான் கிடந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த கால் பக்கம்.

"எனக்குப் பேசணும். ஆனா கூப்பிடாதீங்க."

பெயர் இல்லை. வகுப்பு இல்லை.

சங்கவி அதை நாலு தடவை படித்தாள். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். பயிற்சிக்காக ஷாகிரா மேடத்திடம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஷாகிரா அந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கு மனநல ஆலோசகர். ஒன்றாம் வகுப்புக் குழந்தையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைவரை, பதினாலு பள்ளிக்கும் அவர் ஒருவரேதான். ஒரு பள்ளிக்கு இரண்டு வாரம். அழுகிற பிள்ளை அதற்குள் அழுது முடித்துவிட வேண்டும். முறை மறுபடி வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிடும்.

இந்தப் பள்ளியில் மிச்சம் ஐந்து நாள்.

"பேசணுமாம், கூப்பிடவும் கூடாதாம். இது என்ன நியாயம் மேடம்?"

"அந்தப் பிள்ளைக்கு என்ன வேணுமோ அதைத் தெளிவாத்தான் எழுதியிருக்கு."

"கூப்பிடாம எப்படி வரும்?"

அதற்குள் ஷாகிராவுக்குப் போன் வந்தது. பக்கத்துத் தெருத் தொடக்கப் பள்ளியில் ஒரு குழந்தை மூன்று நாளாக வாய் திறக்கவில்லையாம். கிளம்பிப் போய்விட்டார்.

பதில் வராத கேள்வி என்றால் சங்கவிக்கு ஆகாது. ஆசிரியர் அறையில் திருத்தக் கிடந்த நோட்டுக் கட்டுகளைப் பிரித்தாள். சீட்டில் எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றாவது கட்டில் அதே சாய்வு. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, யோகலட்சுமி.

உடனே ஒரு துண்டுத்தாளில் பெயரை எழுதி அலுவலக உதவியாளரிடம் கொடுத்தனுப்பினாள். அவர் வகுப்பு வாசலில் நின்று, வழக்கம்போல, ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

"யோகலட்சுமி யாரும்மா? கவுன்சிலிங் ரூமுக்கு வரச் சொன்னாங்க!"

விளையாட்டுச் சாமான் அடைத்திருந்த அறை அது. இப்போது வாசலில் 'ஆலோசனை அறை' என்று பலகை. பிள்ளைகள் வைத்த பெயர் வேறு: மெண்டல் ரூம்.

"இது நீ எழுதினதுதானே? பயப்படாத, என்கிட்ட சொல்லு."

"நான் எழுதல மிஸ்."

"உன் கையெழுத்துதான், நான் பார்த்துட்டேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ். போலாமா?"

அவள் திரும்பிப் போகையில் ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏய், மெண்டல் வருது, வழி விடுங்கடி!" வகுப்பே சிரித்தது.

செவ்வாய்க்கிழமை யோகலட்சுமி வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

ஷாகிரா திட்டவில்லை. திட்டியிருந்தால் சங்கவி பதிலுக்குப் பேசியிருப்பாள். பத்துக் காரணம் தயாராக வைத்திருந்தாள்.

"அப்படியே விட்டிருக்கணுமா மேடம்? ஒரு பிள்ளை உதவின்னு எழுதிப் போட்ட பிறகு?"

"விடக் கூடாது."

"அப்ப வாங்க, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்."

"நாம போய் நின்னா நமக்குப் பின்னால தெருவே வந்து நிக்கும்."

புதன்கிழமை காலையில் ஷாகிரா அறை வாசல் பலகையைக் கழற்றி உள்ளே சாய்த்து வைத்தார். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம், இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே வெள்ளைப் பட்டன், நீலப் பட்டன், நூல்கண்டு, ஊசி.

முதலில் சட்டை திறந்து கிடந்த ஓர் ஆறாம் வகுப்புப் பையன் வந்தான்.

"உக்காரு. கொஞ்ச நேரம் ஆகும்."

ஒரு பட்டன் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஷாகிராவுக்குக் கால் மணி நேரம் ஆனது. தைத்தார், பிரித்தார், மறுபடி தைத்தார். அதற்குள் அந்தப் பையன் தன் நாய் செத்த கதையைச் சொல்லி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். மதியத்துக்குள் குழாயடியில் வரிசை நின்றது. குண்டுப் பிள்ளை ஒருத்தி "மிஸ், என் வயித்துக்கு எந்தப் பட்டனும் நிக்காது" என்றாள். வரிசை சிரித்தது, அவளும் சிரித்தாள். அவள் உட்கார்ந்த பிறகு சிரிக்கவில்லை.

சங்கவிக்குப் பொறுக்கவில்லை.

"ஓடுற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கண்டக்டர் இருக்காரு. பதினாலு பள்ளிக்கூடத்துக்கு நீங்க ஒருத்தர். அந்த ஒருத்தரும் தையல் வேலை பார்த்துக்கிட்டு இருந்தா எப்படி? இன்னும் ஆள் வேணும்னு மேல எழுதிக் கேட்போம் மேடம்."

"எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்," என்றார் ஷாகிரா. "இப்ப அந்த நீல நூலை எடு."

வியாழக்கிழமை யோகலட்சுமி பள்ளிக்கு வந்தாள். தண்ணீர் குடிக்க இரண்டு தடவை குழாய்க்கு வந்தாள். இரண்டு தடவையும் தரையைப் பார்த்தே போனாள்.

"மேடம், அவதான்..."

"தலையைத் தூக்காத," என்றார் ஷாகிரா, ஊசியைப் பார்த்தபடி.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். மதியச் சாப்பாடு முடிந்து மைதானம் இரைந்துகொண்டிருந்தது. சங்கவி மாடிப்படித் திருப்பத்தில் நின்றிருந்தாள். கீழே தூணுக்குப் பின்னால் யோகலட்சுமி நிற்பது அங்கிருந்து தெரிந்தது. சீருடைக் கோட்டில் மூன்று பட்டனும் இருந்தன. மூன்றும் கெட்டியாக இருந்தன.

அவள் நடுப் பட்டனைப் பிடித்துத் திருகினாள். வரவில்லை. குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். பட்டன் கையோடு வந்தது. அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நடந்தாள்.

"மிஸ், பட்டன் அறுந்துடுச்சு."

"உக்காரு. கொஞ்ச நேரம் ஆகும்."

ஷாகிரா நூலை ஊசியில் கோக்கப் பார்த்தார். மூன்று தடவை தவறியது. யோகலட்சுமி ஊசியை வாங்கி, நூல் முனையை எச்சில் தொட்டுக் கோத்துக் கொடுத்தாள். பிறகுதான் பேசினாள். ஊசியிடம் பேசுவதுபோல இருந்தது.

"எங்கம்மா ஷூ கம்பெனி வேலைக்குப் போகாம ஒரு மாசம் ஆச்சு மிஸ். சாப்பிடறதில்ல. செவுத்தைப் பார்த்தே உக்காந்திருக்காங்க. நான் இங்க வந்துட்டா ஏதாச்சும் பண்ணிக்குவாங்களோன்னு... கணக்குப் பாடம் நடக்கும், எனக்கு வீட்டுக் கதவுதான் தெரியும்."

ஊசி மேலே வந்து கீழே போனது.

"வெளிய தெரிஞ்சா அவங்களையும் அப்படித்தானே மிஸ் கூப்பிடுவாங்க."

எப்படி என்று அவள் சொல்லவில்லை. மாடிப்படியில் நின்றவளுக்கு அந்தச் சொல் தெரியும். திங்கட்கிழமை ஜன்னலில் கேட்ட சொல்.

மணி அடித்தது. ஷாகிரா தைப்பதை நிறுத்தவில்லை.

"இப்ப அம்மா கூட யாரு இருக்கா?"

"பக்கத்து வீட்டு அத்தைய உக்காரச் சொல்லிட்டு வந்திருக்கேன். சாயந்திரம் வரைக்கும் இருப்பாங்க."

"சாயந்திரம் உன் கூட நான் வரலாமா?"

யோகலட்சுமி நூல்கண்டை எடுத்துச் சுற்றினாள். "யாருன்னு சொல்லுவீங்க?"

"உன் கோட்டுக்குப் பட்டன் தைச்சவ."

அவள் தலையசைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, பட்டனை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனாள். ஷாகிரா அரசு மருத்துவமனை மனநல மருத்துவருக்குப் போன் செய்து, மறுநாள் காலைக்கு நேரம் கேட்டு வாங்கினார். பிறகு டப்பாவை மூடினார்.

சங்கவி கீழே இறங்கி வந்தாள்.

"அந்தப் பட்டன் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். அவளே கடிச்சுப் பிச்சா. நான் பார்த்தேன்."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"இந்த மூணு நாள்ல பாதிப் பட்டன் அப்படித்தான் வந்துச்சு."

"ஒருத்தரையும் கேக்கவே இல்லையே நீங்க?"

"பட்டன் அறுந்துடுச்சுன்னு சொன்னாங்க. தைச்சேன்."

வேறொரு நாளாக இருந்தால் சங்கவி இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். அவள் திங்கட்கிழமை குரல் வந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். மைதானம் காலியாகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கணக்கு ஆசிரியரின் குரல் கேட்டது.

அவள் தன் குர்தாவின் கைப் பட்டனைப் பிடித்துத் திருகினாள். புது நூல், எளிதில் விடவில்லை. கடைசியில் அறுந்து வந்ததை நீட்டினாள்.

"மேடம், பட்டன் அறுந்துடுச்சு."

ஷாகிரா டப்பாவை மறுபடி திறந்தார்.

"உக்காரு," என்றார். "கொஞ்ச நேரம் ஆகும்."