தண்ணிக்குள்ள முங்கின செவப்புக்கால் ஊசித்தும்பி

ஒரு ஊர்ல ஒரு ஓடை. மலையடிவாரத்துல கோரையும் சேறுமா கெடக்கும். அங்க ஆவுடைத்தங்கம்னு ஒருத்தி எருமை மேய்ச்சுக்கிட்டு இருந்தா. ம் கொட்டுறியா? ம்...

அந்த ஓடைல ஒரு ஊசித்தும்பி உண்டு. தட்டான் மாதிரிதான், ஆனா ஊசியாட்டம் ஒல்லி, உக்காந்தா றெக்கையை மடக்கிக்கும், காலு மட்டும் குங்குமச் செவப்பு. உலகத்துல வேற எங்கயும் கெடையாதாம். பூச்சி ஆராய்ச்சிக்காரங்க வந்து தேடுதேடுன்னு தேடிட்டு, அந்த இனமே அழிஞ்சுபோச்சுன்னுட்டாங்க. அப்புறம் என்ன, கோரையை வாரிப்போட்டு படித்துறை கட்டுவோம்னு ஊர்த்தலைவர் பொக்லைனோட வந்துட்டாரு.

ஆவுடைத்தங்கம் பதறிப்போனா. நேத்துகூட செவப்புக்காலைப் பாத்தேன்னா. தலைவர் சிரிச்சாரு. நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு காட்டு, வண்டியைத் திருப்பி அனுப்பிடுறேன்னாரு.

தொபுக்குனு சேத்துல எறங்கினா. விர்ருனு ஒண்ணு வந்துச்சு. றெக்கையை விரிச்சு உக்காந்துச்சு, அப்போ அது வெறும் தட்டான். அப்புறம் இன்னொண்ணு, றெக்கையை மடக்கித்தான் உக்காந்துச்சு, ஆனா காலு கறுப்பு. பொக்லைன் ஓட்டுற தாவீது டுர்ர்ர்னு உறும விட்டாரு. அப்போ மூணாவதா... ம் சொல்லு, சொன்னாத்தான்... செவப்புக்காலு! கூப்பிட வாயைத் தெறந்தா, அதுக்குள்ள அது கோரைத்தண்டைப் புடிச்சுக்கிட்டு குடுகுடுன்னு தண்ணிக்குள்ள எறங்கி முங்கிருச்சு.

இருந்த ஒண்ணும் செத்துச்சேன்னு அவளுக்கு அழுகையா வந்துச்சு. தூக்கிவிடலாம்னு கையை விட்டா. ஓடிவந்த தாவீது குப்புறப் படுத்து உத்துப் பாத்தாரு.

"விடுங்கக்கா. அது சாகல. தண்டைக் குத்திக் குத்தி முட்டை வைக்குது."

போய் எஞ்சினை டப்புனு அணைச்சாரு.

தலைவர் ஏப்பம் விட்டுக்கிட்டே வந்தாரு. பாத்தா, ரெண்டு பேரும் சேத்துல படுத்துக் கெடக்காங்க. வெள்ளை வேட்டியோட அவரும் படுத்தாரு. தண்ணிக்குள்ள றெக்கைல காத்து ஒட்டிக்கிட்டு வெள்ளியா மின்னுது. அப்புறம் பொளக்குனு மேல வந்து, ஒரு உதறு உதறி, செவப்புக்காலோட அவர் மூக்கை உரசிக்கிட்டுப் பறந்துச்சு.

வண்டியைத் திருப்பட்டுமான்னு தாவீது கேட்டாரு. தலைவர் வாயைப் பொத்திக்கிட்டு ரகசியமா சொன்னாரு.

"எஞ்சினைப் போடாதே. சத்தத்துல பிள்ளைங்க முழிச்சுக்கும்."

அம்புட்டுப் பெரிய பொக்லைனை ஊரே சேந்து தள்ளிக்கிட்டுப் போச்சு, ஐலசா கூடச் சொல்லாம. அப்புறம் ஆராய்ச்சிக்காரங்களும் பேச்சை மாத்திக்கிட்டாங்க. இருக்கு, ஆனா ரொம்பக் கொஞ்சம்தான், பத்திரமா பாத்துக்கோங்கன்னாங்க.

முட்டையெல்லாம் தண்டுக்குள்ள தூங்குது. கதை கோரைக்குள்ள போயாச்சு, நீ போர்வைக்குள்ள போ. தூங்கு.