ரோமாபுரிக் கொசுறு

எந்த நாக்கு சொன்னதோ, அந்த நாக்கில் டர்பன்டைனைத் தடவ! ரோமாபுரியில் மத்தியானத்துக்கு மேல் பால் காப்பி கேட்டால் கொடுக்க மாட்டார்களாம். கேட்ட ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்களாம். இப்படி ஒரு சேதியை எவனோ, எவளோ, முத்துப்பேச்சியின் காதில் ஊதிவிட்டுக் கமுக்கமாகப் போய்விட்டார்கள். யாரென்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். "நான் வரலைங்க. நீங்களே போயிட்டு வாங்க" என்பது மட்டும் காலையிலிருந்து பத்துத் தடவை வந்துவிட்டது.

அவள் புருசன் ஒச்சப்பன் கொதித்துப்போனார். சுண்ணாம்பு மூட்டை தூக்கி, ஏச்சு வாங்கி, ஏமாந்து, ஏமாற்றியவனிடமே திரும்பப் போய்ப் பேரம் பேசி, உசிலம்பட்டியில் ஒரு பெயிண்டுக் கடையை நிலைநிறுத்தியவர் அவர். நன்றாக விற்ற கடைக்காரர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற வெளிநாட்டு டூர் இது. போன முறையும் ரோம்தான், ஆனால் ஒற்றை ஆளுக்கு. அவர் போனார், அவள் கடையில் நின்றாள். இந்த முறை ஜோடியாக. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து போன தூரம் மதுரை வரைக்குந்தான். அவள் பேரைச் சாயங்காலத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லவேண்டும். அவளோ நாலு மணிக் காப்பியில் நிற்கிறாள். அதையும் தப்பென்று சொல்ல முடியாது. நாள் முழுக்க நின்றே வியாபாரம் பார்க்கிறவள் உட்காருவது அந்த ஒரு டம்ளர் காப்பிக்குத்தான். அந்த நேரத்தில் மந்திரியே வந்து எனாமல் கேட்டாலும் எழுந்திருக்க மாட்டாள்.

டூரில் ரோமில் ஒரு நாளை முழுசாக அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். எங்கே எதைத் தின்பது, எங்கே எதைக் குடிப்பது என்று முடிவு பண்ணக் கூடப்போகிற ஆட்கள் ஒச்சப்பன் கடைக்கு வந்திருந்தார்கள். தேனிக் கடைக்காரர் தவசி பெயிண்டு நிறங்கள் அச்சடித்த ஒரு ஷேடு கார்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். திண்டுக்கல் கடைக்காரர் சகாயராஜ் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். முத்துப்பேச்சி கல்லாவுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டியபடி தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

ஒச்சப்பன் தொண்டையைச் செருமினார். அந்த முதுகுக்காகத்தான் அவர் வாயைத் திறந்ததே.

"காலையில எங்க வேணா தின்னுங்கப்பா. நாலு மணிக்கு மட்டும் நான் சொல்ற கடை. எழுது தவசி, பால் காப்பி."

"அண்ணே, அங்க மத்தியானத்துக்கு மேல..."

"யாருகிட்டச் சொல்ற? போன தடவை அங்கதான் போயி உட்கார்ந்தேன். பால் காப்பின்னேன். மத்தியானத்துக்கு மேல விக்கிற வழக்கமில்லைன்னான். சரிடா, கறுப்புக் காப்பியே குடுன்னேன். இத்தினியூண்டு கிண்ணம், காதுக்கு மருந்து விடுற அளவு. காசை வச்சேன். வச்சிட்டுக் கேட்டேன்: தம்பி, கொசுறு?"

"கொசுறா!" என்றார் சகாயராஜ்.

"ஆமாய்யா. கீரைக்காரிகிட்ட ஒரு கொத்து கருவேப்பிலை கேக்குறோம்ல, அப்படி. பாலைக் காட்டிக் கேட்டேன். விக்கத்தானடா வழக்கமில்ல, கொசுறு குடுக்கக் கூடாதுன்னு வழக்கம் இருக்கா? முழிச்சான் பாரு! முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி அவுங்கப்பாவைக் கூப்பிட்டாரு. அந்த மனுசன் கட்டில்லருந்து எந்திரிச்சு வந்து, இத்தனை காலமா இது நமக்குத் தோணலையேன்னு என் கையைப் பிடிச்சு அழுதுட்டு, ஒரு குண்டா பாலை ஊத்தினாரு."

ஆணி விழுகிற சத்தம் நின்றது. பேரத்தில் எதிராளி சத்தமில்லாமல் ஆனால் விலை படியப்போகிறது என்று ஒச்சப்பனுக்குத் தெரியும். உற்சாகமாகிவிட்டார்.

தவசிதான் கெடுத்தார். "ஏண்ணே, போன தடவை நானும் கூட வந்தேனே. ரோம்ல நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸை விட்டே எறங்கலையே? மதினி, நம்பாதீக."

"நீ தூங்குனப்ப எறங்கினேன். குறுக்க பேசாத. பக்கத்து மேசைக்காரன் என்னைப் பார்த்துட்டு அவனும் கொசுறுன்னான். வாயில நுழையாம 'கொசுரோ'ன்னான். நான் அடுத்த தெருவுக்குப் போறதுக்குள்ள அந்த வார்த்தை எனக்கு முந்திப் போயிருச்சு. ரொட்டிக் கடையில கொசுரோ, மீன் கடையில கொசுரோ. ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவன் கொசுரோன்னான், ஒரு ஸ்டேஷன் கூடுதலாக் கொண்டுபோயி விட்டாக."

"அவன் எறங்கவேண்டிய ஊரு?"

"அது அவன் பாடு. பீட்சாக் கடைக்கு வருவோம். ஒண்ணு வாங்கினேன், கொசுறு கேட்டேன். மாவைச் சுத்தி மேல வீசினான். கொசுறு குடுக்குற வெறியில கை நிதானம் தப்பிருச்சு. மாவு விரிஞ்சுக்கிட்டே போகுது. ஒரு ஓரம் ஆத்துக்கு இந்தக் கரையில, மறு ஓரம் அந்தக் கரையில. சனமெல்லாம் செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு அது மேல நடந்துதான் ஆத்தைக் கடந்துச்சு."

"வேகாத மாவு மேலயா?"

"வெயிலு வேகவச்சிருச்சு."

"நாம போனப்பக் குளிருச்சே, அம்புட்டு வெயிலு ஏதுண்ணே?"

"அதுவும் கொசுறுதான்."

தவசி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்தார். ஒச்சப்பனுக்கு இனி பிரேக் கிடையாது.

"அங்கருந்து திராட்சைத் தோட்டம். அங்க..." ஒரு கண்ணை முதுகுப் பக்கம் ஓட்டினார். "திராட்சைச் சாறு."

முதல் தடவையாக முதுகு பேசியது. "எது, சாறா?"

"சாறுதான். கொஞ்சம் நாள்பட்ட சாறு. அவன் பாட்டிலுக்கு விலை சொன்னான், நான் தோட்டத்துக்கு விலை சொன்னேன். அவன் தோட்டத்துக்குச் சொன்னான், நான் மலைக்குச் சொன்னேன். பேசிப் பேசி, கொடியில இருந்த பழமெல்லாம் காஞ்சு கிஸ்மிஸ் ஆயிப்போச்சு. ஐயா, எல்லாத்தையும் எடுத்துக்க, என்னை விட்டுருன்னு அழுதான். கொசுறுன்னேன். ஊர் நடுவுல இருக்குற நீரூத்துல சாறைத் திறந்துவிட்டான். அடேய், என் பொண்டாட்டி இதைத் தொட மாட்டாளேடான்னேன். உடனே மாத்திட்டான். பால் காப்பி! ஆவி பறக்க, நுரையோட, தெனம் நாலு மணிக்கு!"

"சர்க்கரை?" என்றது முதுகு.

"அளவா."

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படிந்த பேரத்தை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்காமல் விடுகிற ஆளா அவர்?

"நான் கெளம்பையில ஊர்ப் பெரியவுக எல்லாம் கூடி வந்துட்டாக. இம்புட்டு நேரம் கேட்டதெல்லாம் தீனிக் கொசுறு, ஊர் சார்பா ஒண்ணு வாங்கிக்கிட்டுத்தான் போகணும்னாக. ரோம்ல ஒரு வட்டக் கட்டடம், ஒரு பக்கம் இல்லாம மொட்டையா நிக்குமே, போட்டோவுல பார்த்திருப்பீக. இடிஞ்சு போச்சுன்னா நெனச்சீக? அந்தப் பக்கம் எனக்குக் கொசுறாக் குடுத்தது."

"அம்புட்டுக் கல்லும் எங்கண்ணே?"

ஒச்சப்பன் காலால் தரையை ஓங்கித் தட்டினார். "இந்தக் கடைக்கு அஸ்திவாரம் எதுன்னு நெனச்ச?"

முத்துப்பேச்சி திரும்பினாள்.

"இது வாடகைக் கடை."

சகாயராஜுக்கு முறுக்கு புரையேறியது. தவசி அவர் தலையில் தட்டினார். ஒச்சப்பன் முகம் பிரைமர் அடித்த சுவர்போல் வெளுத்துப்போயிற்று. முத்துப்பேச்சி தராசை ஓரமாக வைத்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"கல்லு கெடக்கட்டும். மாவுப் பாலமும் கெடக்கட்டும். மொதல்ல ஒண்ணு சொன்னீகளே, கறுப்புக் காப்பிக்குக் காசு குடுத்துட்டுப் பாலைக் கொசுறா வாங்கினேன்னு. அது நெசமா?"

அவளிடம் எவ்வளவோ புளுகியிருக்கிறார். எல்லாம் முதுகைப் பார்த்துத்தான். இப்போது கண்ணுக்கு நேரே கண். சுவரில் ஒட்டியிருந்த வார்னிஷ் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு, "நெசம்" என்றார்.

"அப்ப என் பேரைக் குடுங்க. வர்றேன். ஆனா நாலு மணிக்கு டம்ளர் என் கையில இருக்கணும். இல்லைன்னு வைங்க, அந்தக் கடையிலயே உங்களைக் கொசுறாக் குடுத்துட்டு நான் பாட்டுக்குப் பிளேன் ஏறிருவேன்."

சொல்லிவிட்டு ஆணிக்குத் திரும்பிப்போனாள். தவசி போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேரைச் சொல்லியே விட்டார். இனி மாற்ற வழியில்லை. ஒச்சப்பனுக்கு அவள் வருகிற சந்தோசம் ஒரு பக்கம், நாலு மணிப் பயம் ஒரு பக்கம். இரண்டையும் அடக்க மாட்டாமல் கடை வாசலுக்கு ஓடி, தெருவைப் பார்த்துக் கத்தினார்:

"ஏய், யாரு எவருன்னு தெரியாது! என் பொண்டாட்டி காதுல ஊதிவிட்ட ஆளு எங்க இருந்தாலும் கேட்டுக்க! ஒழுங்கு மரியாதையா எங்களுக்கு முந்திக் கெளம்பி ரோமுக்குப் போ. கறுப்புக் காப்பி வாங்கு. கொசுறு கேளு. அவன் பால் ஊத்தலைன்னா நீயே ஒரு மாட்டைப் பிடிச்சுக் கற! நாலு மணிக்கு அவ வந்து உட்காரையில, நுரையோட ஒரு டம்ளர் அங்க இருந்தாகணும், சொல்லிப்புட்டேன்!"