தையல்நாயகியின் பதினேழு ஓலைகள்

"எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் அம்மா. இந்த ஓலைக்கட்டை மட்டும் விட முடியவில்லை" என்றார் ஆபத்சகாயம்.

நூறு வேலி நிலத்தைத் தம்பி பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிட்டு, அவர் அந்தக் காவிரிக்கரை மடத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. குரு மாசிலா அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். ஒரு காலத்தில் வீட்டுவேலை செய்து பிழைத்தவர். அவர் காலில் மிராசுதார் விழுந்ததை ஊரே வாய்பிளந்து பார்த்தது. மிராசுதாருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்தக் கட்டுக்குள் பதினேழு ஓலைகள். போன வருஷம் காலமான அவர் மனைவி தையல்நாயகி எழுதியவை.

அவள் அவர் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வந்தவள். தகப்பன் ஏடு எழுதிப் பிழைத்த ஏழை. அதனால் எழுதத் தெரியும். பெற்றோருக்கு அவள் எழுதிய ஓலைகளை ஆபத்சகாயம், கொண்டுபோகும் ஆளிடமிருந்து வழியிலேயே வாங்கிப் படித்தார். ஒருநாள் அவள் கையைப் பிடித்து இழுத்தவர், 'பட்டினி கிடந்தாலும் மானத்தோடு வருவேன்' என்று அவள் எழுதியிருந்ததைப் படித்துக் கூசிப்போனார். பிறகு அவளையே மணந்தார்.

"துலக்க வந்தவளுக்கு எவ்வளவு பெரிய குணம் அம்மா! அந்த நாட்கள் இனி வருமா?" கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அம்மை ஓர் ஓலையைப் படிக்கச் சொன்னார். அவர் நடுவிலிருந்து தொடங்கினார்.

"முதல் வரியிலிருந்து."

"அது எல்லா ஓலையிலும் இருப்பதுதானே. நான் படிப்பதில்லை."

"படியுங்கள்."

"இவ்விடம் நான் சுகம். அப்பா, அம்மா, தம்பி சுகத்துக்கு எழுதவும்."

அடுத்ததையும் படிக்கச் சொன்னார். அதிலும் அதே வரி. கூடவே, முன் ஓலைக்குப் பதில் வரவில்லை என்று ஒரு வரி.

பதினேழாவதைப் படிக்கும்போது அவர் குரல் இறங்கியது.

"எனக்குக் கல்யாணம் ஆனதை முன்பே எழுதியிருந்தேன். முறைப்படி தாலி கட்டினார். நம்பாமல்தான் என்னைத் தலைமுழுகிவிட்டீர்கள் போலும். இனி எழுதவில்லை."

அம்மை கேட்டார்: "படித்த பிறகு ஏன் அனுப்பவில்லை?"

"முதலில், கையை விட்டுப் போக மனம் வரவில்லை."

"கல்யாணத்துக்குப் பிறகு?"

பதினேழாவது ஓலையைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி என்று கிழிசல் வேட்டியோடு வாசலில் வந்து நிற்பார்களே என்று..."

ஓலைகளைப் பார்த்தபடியே அவர் தொடர்ந்தார்.

"பிறந்த வீட்டைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை அம்மா. என்னோடு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்."

அவர் விம்மி அழுதார். அம்மை தடுக்கவில்லை. எழுந்துபோய்க் கட்டுச்சோறு மூட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். ஓலைகளை அடுக்கிக் கட்டி, இரண்டையும் அவர் கையில் கொடுத்தார்.

"ஊர் எங்கே?"

"கொள்ளிடத்துக்கு அக்கரை. இரண்டு நாள் நடை. நாற்பது வருஷம் ஆயிற்றே, பெற்றவர்கள் இருக்க மாட்டார்கள். தம்பி இருக்கலாம். அவன் வாசலில் போய் என்னை யாரென்று சொல்வேன்? அத்தான் என்றா?"

"ஓலை கொண்டுவந்த ஆள் என்று சொல்லுங்கள்."