தடம் விடாமல் பெருக்கியவர்

நாஞ்சில் நாட்டில் மலை இறங்கி வயலைத் தொடுகிற இடத்தில் தாழைவிளை என்றொரு சிற்றூர். அங்கே அடிமுறை என்னும் போர்வித்தையைப் பயிலும் களரி ஒன்று இருந்தது. அந்தக் களரியின் மண்ணைப் பெருக்குவதே அய்யாக்குட்டியாருக்கு வேலை, பூசையும் அதுவே. பொழுது வெளுக்கும்போது வந்துவிடுவார். ஆடுகிறவர்களின் வெறுங்காலும் விழுகிறவர்களின் முதுகும் நோகக் கூடாதென்று மண்ணை விரலால் அளைந்து, குன்றிமணி அளவுக் கல்லையும் பொறுக்கி எறிவார். பிறகு நீர் தெளித்து, ஈசான மூலையில் ஊன்றியிருந்த முருகன் வேலின் அடியில் தொடங்கி, வாசல்வரை பின்னுக்கு நடந்தபடியே பெருக்குவார். வாசலைத் தாண்டும்போது அவருடைய காலடி ஒன்றுகூடக் களத்தில் இராது.

"வேலய்யா, உமக்க களம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு வேலியோரம் போய் உட்காருவார். நாள் முழுவதும் அவர் வாய் திறந்து பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான். தாய் தகப்பனைச் சிறுவயதிலேயே அம்மை கொண்டுபோனது. அவருக்குப் பெண் கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. பண்டிகை நாளில் ஊரெல்லாம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர, அவர் வேலின் முன்னால் உட்கார்ந்து தனியே சோறுண்பார்.

களரியை நடத்தியவர் தாணு ஆசான். அவர் சீடர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் ஒரு கதை. முருகப்பெருமான் பொதிகை மலையில் அகத்தியருக்கு இந்த வித்தையை உரைத்தபோது, நின்ற உயிரை மீட்கும் வழியைத்தான் முதலில் சொன்னாராம். எங்கே தொட்டால் உயிர் திரும்பும் என்று அறிந்த பிறகே, எங்கே அடித்தால் உயிர் நிற்கும் என்பது முனிவருக்கு விளங்கிற்றாம். கதை இப்படியிருக்க, ஆசான் கற்பித்ததோ தலைகீழ். அடியை முதலில் கொடுத்தார். அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறையைக் கடைசிக்கு வைத்தார். "மீட்கத் தெரிஞ்சவனுக்கு அடிக்கக் கை கூசாதுல்லா" என்பார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அடிபட்டு வருகிறவர்களை அவர் உள்ளறையில் கதவை அடைத்துக்கொண்டு எழுப்புவார். எண்ணெய்க் கிண்ணம் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அய்யாக்குட்டியாரைக் கூப்பிட்டார்.

"நான் எதுக்கு ஆசானே? படிக்கப்பட்டவ எத்தன பேரு நிக்காவ."

"அவனுவ போய்ச் சொல்லுகதுக்கு ஆள் உண்டும். உனக்கு ஆரும் இல்லல்லா."

அந்தச் சொல் அவரை எவ்வளவு சுட்டிருக்கும் என்று ஆசான் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் சில நேரம் கண் மறைத்துவிடுகிறது. அய்யாக்குட்டியார் வேலைத் தொட்டுச் சத்தியம் செய்தார்: கண்டது கண்ணோடு போகும், கைக்கு வராது, வந்தால் இந்தக் களத்தை மிதிப்பதில்லை. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாய் பேசாமல் கிண்ணம் பிடித்தார்.

ஓர் ஐப்பசியில் ஆற்றைக் கடந்த தாணு ஆசானை வெள்ளம் இழுத்துப்போயிற்று. யாருக்கும் கொடுக்காத கடைசிப் பாடமும் அவரோடு போயிற்று. அவருடைய மருமகன் பூதலிங்கம் ஆசானானார். அடி அத்தனையும் அறிந்தவர். எழுப்பும் முறை ஒன்றுகூட அறியாதவர். அதை வெளியே சொல்ல அவருக்குக் கௌரவம் இடங்கொடுக்கவில்லை. உள்ளுக்குள் இருந்த அந்தப் பயம் வாயில் கேலியாக வந்தது.

"இத்தன வருசம் இங்க கெடந்தும் ஆட்டத்தில ஒரு சுவடு வைக்கத் தெரியல்லியே ஓய். வாரியலயாவது நேரா பிடிப்பீரா?" என்பார். சீடர்கள் சிரிப்பார்கள். அய்யாக்குட்டியார் துடைப்பத்தை நேராகப் பிடித்துக்கொண்டு பெருக்குவார். களம் காலியானதும் வேலின் முன்னால் நின்று, "சொன்னா வாக்கு போச்சு. சொல்லல்லேன்னா இது எனக்க நெஞ்சில கெடந்து வேகுது. நீரே பாத்துக்கிடும்" என்பார்.

தைப்பூசத்தன்று ஊரே கூடியிருந்தது. பூதலிங்க ஆசானும் சீடர் சிவனணைந்தானும் களத்தில் இறங்கினார்கள். கூட்டம் ஆரவாரம் செய்யச் செய்ய ஆசானின் கை கனத்தது. தொட்டுவிட்டு எடுக்க வேண்டிய அடி, விலாவுக்குக் கீழே முழுதாக இறங்கிவிட்டது. சிவனணைந்தான் மண்ணில் சாய்ந்தார். மூச்சு இல்லை.

அவர் மனைவி பகவதி இடுப்பில் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். "எழுப்பும் ஆசானே. இது வெளையாட்டுல்லா. எழுப்பும்."

பூதலிங்கம் கையை விரித்தார். "எனக்குத் தெரியாதும்மா. மாமா சொல்லித் தரல்ல."

வேலியோரம் இருந்த அய்யாக்குட்டியார் அதைக் கேட்டார். வீடில்லாத அவருக்கு அந்தக் களம்தான் வீடு. உறவில்லாத அவருக்கு அந்த வேல்தான் உறவு. கையைக் கொடுத்தால் இரண்டும் போய்விடும். நான்கு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அந்த இரும்பு வேலை ஒருமுறை பார்த்தார். எழுந்தார்.

"பெருக்கப்பட்டவரு எங்க போறாரு?" என்று எவரோ கேட்டார். அவர் காதில் விழவில்லை. சிவனணைந்தானைத் தூக்கி உட்கார்த்தி, பிடரியில் மூன்று விரலை வைத்தார். கண் பன்னிரண்டு ஆண்டு பழகியது. கைக்கு அன்றுதான் முதல் நாள். "கை எனக்குள்ளது, வழி உமக்குள்ளது" என்று முணுமுணுத்து, உச்சியில் உள்ளங்கையால் தட்டினார். ஆசான் காலத்துப் பழக்கமாக மடியில் வைத்திருந்த சுக்கை மென்று இரு காதிலும் ஊதினார். மறுபடி தட்டினார். சிவனணைந்தான் இருமினார். பகவதி குழந்தையை மண்ணில் விட்டுவிட்டுக் கணவரைக் கட்டிக்கொண்டாள்.

பூதலிங்கம் பேச வாயெடுத்தார். அய்யாக்குட்டியார் கையமர்த்தினார். "பெரிய ஆசானுக்குக் குடுத்த வாக்கு தெத்திப் போச்சு. இனி நான் இங்க மிதிக்கப்பிடாது. இப்பம் உள்ளதான நிக்கேன், பெருக்கிக்கிட்டே வெளிய போயிருதேன்."

எல்லாரும் வேலிக்கு வெளியே ஒதுங்க, கூட்டத்தின் கால் பட்டுக் கலைந்திருந்த களத்தை, வேலின் அடியிலிருந்து வாசல்வரை பின்னுக்கு நடந்தபடியே பெருக்கினார். அன்று கண்ணீர் அவர் கண்ணை மறைத்தது. ஆனாலும் ஒரு தடம் மிஞ்சவில்லை. "உமக்க களம் ஆச்சு" என்றார். துடைப்பத்தை வாசலில் சாய்த்துவிட்டு ஆற்றுப்பக்கம் நடந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது.

மறுநாள் காலை பூதலிங்கம் தாமே துடைப்பத்தை எடுத்தார். உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஈசான மூலையில் வேல் இருந்த இடத்தில் குழி இருந்தது. குழியின் அருகிலிருந்து, பெருக்கிய மண்ணின்மேல் ஒரு சின்னக் குழந்தையின் காலடிகள் வாசலை நோக்கிப் போயிருந்தன. பக்கத்திலேயே மயிலின் கால் பதிவுகள். திரும்பி வந்த தடம் இல்லை.

அந்தத் தடத்தின் பின்னால் ஊரே போயிற்று. ஆற்றங்கரை இலுப்பை மரத்தடியில் அய்யாக்குட்டியார் உறங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைமாட்டில் வேல் ஊன்றி நின்றது.

பூதலிங்கம் அவர் காலடியில் விழுந்தார். "ஆசானே" என்றார். விழித்தவர் அவரைப் பார்க்கவில்லை, வேலைத்தான் பார்த்தார்.

"எனக்கு ஆரும் இல்லேன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்தேன்" என்று சொல்லிக் குழந்தையைப் போல அழுதார்.

வேலைப் பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். பத்துப் பேர் கூடியும் அசையவில்லை. ஆகவே களரியே அங்கே வந்தது. மிதிப்பதில்லை என்று அவர் சொன்னது பழைய களத்தைத்தானே? அடியாரின் வாக்கையும் காத்து, அடியாரையும் கைவிடாமல் பெருமான் கணக்காக இடம் மாறிவிட்டார். அன்றுமுதல் அந்தக் களரியில் எழுப்பும் முறையே முதல் பாடம். அதைக் கற்ற கைக்குத்தான் அடி. கற்பித்தவர் அய்யாக்குட்டியார். ஆசானான பிறகும் காலையில் பெருக்குவதை அவர் விடவில்லை. பின்னுக்கு நடந்து தம் தடத்தை மட்டும் அழித்துக்கொண்டே வருவார். வேலின் அடியில் சில நாள் சின்னக் காலடிகள் கிடக்கும். அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு பெருக்குவார்.

தமக்கென்று ஒரு சுவடும் வைக்காத அந்தப் பெரியவரின் காலடி எங்கே என்று தேடி வணங்க நமக்கு வழியில்லை. அவர் பெருக்கிய மண்ணை வணங்குவோம்.