வடிவின் சம்மதம்

உலகநாதன் துறவு வாங்க மடத்துக்குப் போன வெள்ளிக்கிழமை, விடிந்ததிலிருந்து ஆடிச் சாரல் விடவில்லை. கையில் ஒரு மஞ்சப்பை, பைக்குள் இரண்டு காவி வேட்டி. சாமி கொடுப்பதற்கு முன்பே அவராகவே போன வாரம் கடையில் வாங்கிவிட்டார். அறுபத்து நாலு வயதில் மனிதருக்கு அப்படி ஒரு அவசரம்.

மலையடிவாரத்தில் இருக்கும் அந்த மடம் மிகச் சின்னது. அதை நடத்தும் அம்பலச் சாமிக்கு நாற்பத்தொரு வயதுதான். அவர் தம் சீடரான உலகநாதனை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவார், சீடர் அவர் காலில் விழுந்து கும்பிடுவார். இரண்டு பேருக்கும் இது உறுத்தியதே இல்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமானவர் துறவு கேட்டு வந்தால், மனைவி நேரில் வந்து, சாமி காதில் விழும்படி ‘சம்மதம்’ என்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது, போனில் சொன்னாலும் செல்லாது. அதனால் வடிவும் அதே பஸ்ஸில் வந்திருந்தாள். அவர் முன் சீட்டில், அவள் கடைசி சீட்டில்.

வடிவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மடப்பள்ளியில் அன்னதானத்துக்கு வந்த பூசணிக்காய் குவிந்து கிடந்தது. அரிவாள்மனையை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்க்க உட்கார்ந்து நறுக்கத் தொடங்கிவிட்டாள். பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே தகரக் கூரை.

கொஞ்சம் தள்ளி சாமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உலகநாதன் அவர் முன்னால் சம்மணம் போட்டார்.

“ஏன் அண்ணாச்சி துறவு?”

“வீட்ல எனக்கு இனி என்ன இருக்கு சாமி? அவ எங்கிட்ட பேச்சையே நிறுத்திட்டா.”

“எப்ப இருந்து?”

“ஆறு மாசமா.”

உலகநாதன் முப்பத்தொரு வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஐம்பது வயதுக்குள் மில்லின் இரைச்சல் இரண்டு காதையும் தின்றுவிட்டது. அதன்பிறகு பதினாலு வருஷம் வடிவு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று கத்தித்தான் பேசினாள். அவரும் அவள் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வார். அவர்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரியும்.

தைப் பொங்கலுக்கு மகள் பெங்களூரிலிருந்து காது மெஷின் வாங்கி அனுப்பினாள். மாட்டிக்கொண்ட அன்று முதலில் கேட்டது ஒரு காக்கா. அதைக் கேட்டு உலகநாதன் குழந்தை மாதிரி அழுதார். வடிவும் அழுதாள்.

“‘இனிமே நான் கத்த வேண்டாம்லா’ன்னு அன்னைக்குச் சொன்னா சாமி. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா பேச்சு கொறஞ்சு, இப்ப சுத்தமா கெடையாது. சாதம் வைக்கா, போயிருதா.”

“சம்மதம் கேட்டீங்களா?”

“கேட்டேன். அடுக்களையில என்னமோ கழுவிக்கிட்டு நின்னா. நான் சாமியாராப் போறேன், உனக்குச் சம்மதமான்னு கேட்டேன். ஒரு வார்த்த சொல்லல. இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லியிருப்பாள்லா?”

சாமி அடுத்த வெங்காயத்தை எடுத்தார். பிறகு கழுத்தைத் திருப்பி உரக்கக் கேட்டார்.

“அக்கா, அண்ணாச்சிக்குச் சம்மதம் சொல்லுதீங்களா?”

உலகநாதன் திரும்பிப் பார்த்தார். வடிவின் முதுகு தெரிந்தது. அரிவாள்மனையில் கை போய்ப் போய் வந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கேட்டால்கூட அவள் இப்படிப் பேசாமல் இருந்ததில்லை.

“பாத்தீங்களா சாமி. ஒங்ககிட்டயும் வாயத் தொறக்கல.”

சாமி வெங்காயத்தைக் கீழே வைத்தார். வடிவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இப்ப ஒங்களுக்கு என்ன கேக்கு?”

“நீங்க பேசுறது.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல. அமைதியா இருக்கு. நீங்க இத்தன வருஷமாச் சொல்லுத மௌனம் இதுதான்னு நெனைக்கேன் சாமி.”

“மழை?”

உலகநாதன் நிமிர்ந்து பார்த்தார். கூரை விளிம்பில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“பெய்யுது.”

“கிரைண்டர்?”

திரும்பிப் பார்த்தார். கல் சுற்றியது.

“ஓடுது.”

“இதையெல்லாம் ஒங்க காதுல விழாம நிறுத்தினது யாரு?”

உலகநாதனுக்குப் பெருமை வந்துவிட்டது. “மெஷின்தான் சாமி. அதுல ஏ.ஐ. இருக்கு. நமக்கு எது வேணும், எது வேண்டாம்னு அதுவே தெரிஞ்சுக்கிடும்.”

“அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்ல வேண்டாம். போன்ல ஒரு ஆப் இருக்கு. எந்த எடத்துல நாம சத்தத்தக் கொறைக்கோமோ, அதப் பாத்துக் கத்துக்கிடும். பெறகு அந்த மாதிரி எடத்துக்குப் போனாலே தானாக் கொறச்சிரும். எதிர்ல இருந்து பேசுறவங்க கொரல மட்டும் விடும்.”

“நீங்க எங்க வச்சுக் கொறச்சீங்க?”

உலகநாதன் யோசித்தார்.

“அடுக்களையில. பதினாலு வருஷம் கேக்காத காது பாத்துக்கிடுங்க. குழாத் தண்ணி, மிக்ஸி, கரண்டி உருளுத சத்தம், எல்லாம் மண்டைக்குள்ளயே விழுத மாதிரி இருந்திச்சு. மொத ஒரு வாரம் கொறச்சேன். அதுக்கப்புறம் நான் கையே வைக்கல. அதே பாத்துக்கிடுது.”

“ஒங்களுக்கு நல்ல சீடன் வாச்சிருக்கான் அண்ணாச்சி. ஒரு வாரம் சொல்லிக் குடுத்தத ஆறு மாசமா மறக்கல.”

உலகநாதன் சிரித்தார். சாமி சிரிக்கவில்லை.

“காது யாருது?”

“என்னுது.”

“மெஷின்?”

“அதும் என்னுதுதான். மக வாங்கிக் குடுத்தது.”

“அதுல என்ன கேக்கணும்னு முடிவு பண்ணுறது யாரு?”

உலகநாதன் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அந்த ஆப்பைத் தொறங்க. ‘எல்லா ஒலியும்’னு ஏதாச்சும் இருக்கா?”

“இருக்கு. மக அதத் தொடாதீங்கப்பான்னு சொன்னா. தலவலிக்குமாம்.”

“வலிக்கட்டும். தொடுங்க.”

உலகநாதன் தொட்டார்.

தகரக் கூரை மொத்தமும் தலையில் இறங்கியது போல இருந்தது. மழை, கிரைண்டர், எங்கோ அண்டா உருளும் சத்தம். கண்ணை இறுக மூடிக்கொண்டார். விரல் தானாகப் போனுக்குப் போயிற்று. அப்போதுதான் அந்த இரைச்சலுக்குள் ஒரு தணிந்த குரல், நிற்காமல் போய்க்கொண்டிருப்பது கேட்டது. வடிவு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“...சம்மதமாம் சம்மதம். மாட்டேம்னு அன்னைக்கே சொன்னேன் சாமி. அடுக்களையில நின்னு ரெண்டு மட்டம் சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்காமப் போறாக. பிரஷர் மாத்திரைய நான் எடுத்துக் குடுத்தாத்தான் உண்டு, இவுக சாமியாராப் போறாகளாம். மெஷின் வந்த நாள்ல இருந்து வேலையப் பாத்துக்கிட்டே நான் என்ன பேசினாலும் பதில் கெடையாது. என்ன தப்புச் செஞ்சேன்னு தெரியல. காது கேக்காம இருந்தப்பயாச்சும் என் மூஞ்சியப் பாத்தாக...”

உலகநாதனின் விரல் நின்றது.

“வடிவு.”

அரிவாள்மனையும் நின்றது. அவள் திரும்பவில்லை.

“இப்பத்தான் காது கேட்டுச்சாக்கும்.”

“இப்பத்தான் கேட்டுச்சு.”

அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. வடிவு திரும்பினாள். உலகநாதன் போனை நீட்டிக் காட்டினார். சின்னப் பையன் பிடிபட்டது மாதிரி இருந்தது அவர் முகம்.

“அடுக்களச் சத்தம் வேண்டாம்னு நான்தான் கொறச்சேன். நீ பேசுறதும் அதோட போயிட்டு. எனக்குத் தெரியாது வடிவு.”

“அப்போ மச்சு ஒழுகுதுன்னு நான் சொன்னது?”

“கேக்கல.”

“எங்க அண்ணன் முடியாமக் கெடந்தாகளே. வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்னு கூப்பிட்டேனே. கடைசியில நான் மட்டும் தனியாப் போனேன்.”

“நீ கோவத்துல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டன்னு நெனச்சேன்.”

வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். உலகநாதனுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆறு மாதம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகத் தவித்திருக்கிறார்கள்.

அவள் மறுபடி பேசத் தொடங்கினாள். கிரைண்டர் சத்தத்தில் பாதிதான் பிடிபட்டது.

“சாமி, அந்தக் கிரைண்டரக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். அவ பேசுறது சரியா விளங்கல.”

“மாவு அரைக்கணுமே அண்ணாச்சி. நீங்க கிட்டப் போய் உக்காருங்க.”

உலகநாதன் எழுந்து போய், அவள் முகம் தெரிகிற மாதிரி, பூசணித் தோலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

அன்னதானம் முடிந்தது. மழை ஓய்ந்தது. இரண்டு மணி பஸ் போயிற்று, நாலு மணி பஸ்ஸும் போயிற்று. வடிவு பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், அவர் விழுங்கினார். ‘ம்’ கொட்டினார், குறுக்குக் கேள்வி கேட்டார், இரண்டு இடத்தில் திட்டும் வாங்கினார்.

சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். வடிவு செருப்பு மாட்டப் போன நேரம் பார்த்து, உலகநாதன் மஞ்சப்பையோடு சாமி முன்னால் வந்து நின்றார். வேண்டும் என்று கேட்கவும் மனசில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வெட்கம்.

“சாமி, அப்ப துறவு?”

“அக்கா இன்னும் பேசி முடிக்கல அண்ணாச்சி. முழுசாக் கேட்டு முடிச்சிட்டு வாங்க.”