சேந்தியின் பெயர்

கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே! ஆறுகள் எல்லாம் மணலாய்க் கிடந்த ஒரு பஞ்ச காலத்தில், வெண்குன்ற நாட்டில் பூதி என்றொரு தாய் இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், சேந்தி. கோயில் நந்தவனத்தில் பூப்பறித்து மாலை கட்டுவது சேந்தியின் வேலை.

ஊர்க் கிணறுகள் வற்றின. ஏரி வற்றியது. கோயில் குளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. "இது சாமியின் நீர், யாரும் தொடக்கூடாது" என்று காவல் போட்டிருந்தார்கள்.

ஒருநாள் சேந்தி, குளத்துக்குப் போகும் நந்தவனத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "சாமி குளத்தில் மட்டுமா இருக்கிறார்? தவிக்கிற தொண்டையிலும் இருக்கிறார். வந்து குடியுங்கள்!" என்றாள். ஊரே குடித்தது. ஊரே பிழைத்தது.

அவளைப் பிடித்து, சமயத் துரோகி என்று சபையில் நிறுத்தினார்கள். தலைமைப் பண்டிதர் தருமசேனர் விசாரித்தார். கூட்டத்தின் ஓரத்தில் பூதி நின்றாள்.

"குளம் புனிதமா, இல்லையா?" என்று பண்டிதர் கேட்டார்.

"புனிதம்தான் ஐயா. அதனால்தான் குடித்தவர்கள் பிழைத்தார்கள்."

"கதவைத் திறக்கச் சொல்லித் தெய்வம் உன்னிடம் பேசியதா?"

"தெய்வம் பேசவில்லை ஐயா. குழந்தைகள் அழுதார்கள். அது என் காதில் விழுந்தது."

"செய்தது பாவம் என்று ஒரு வார்த்தை சொல். விட்டுவிடுகிறோம்."

சேந்தி தாயை ஒருமுறை பார்த்தாள். "நான் அப்படிச் சொன்னால், குடித்த பச்சைப் பிள்ளைகள்கூடப் பாவிகள் ஆகிவிடுவார்களே. சொல்லமாட்டேன்."

அவளைக் காட்டுக்குத் துரத்தினார்கள். அவள் பெயரை யாரும் உச்சரிக்கக்கூடாது என்று ஆணை போட்டார்கள். மழைக்காலம் வருவதற்குள் அவள் காட்டிலேயே இறந்துபோனாள்.

பூதி அழுது ஓய்ந்தாள். பிறகு எழுந்து மன்னரிடம் போனாள், காவலர்கள் விரட்டினார்கள். பண்டிதர்களின் மடத்துக்குப் போனாள், கதவைச் சாத்தினார்கள். வருடங்கள் ஓடின, தலை நரைத்தது, புது மன்னன் பட்டத்துக்கு வந்தான். பூதி மறுபடியும் போய் நின்றாள்.

"என்ன வேண்டும் அம்மா? நிலமா? வீடா?"

"விசாரணை வேண்டும் ஐயா. என் மகளைத் திரும்ப விசாரியுங்கள்."

"செத்தவள் திரும்பி வருவாளா, அம்மா?"

"வரமாட்டாள். அவள் மேல் போட்ட பழி மட்டும் இன்னும் சாகாமல் இருக்கிறதே!"

மன்னன் மனம் அசைந்தது. சபை மீண்டும் கூடியது. குளத்து நீரைக் குடித்துப் பிழைத்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். கிழவராகிவிட்ட தருமசேனர் மட்டும் தலையாட்டவில்லை. "புனித நீரைத் தாகத்துக்குக் குடிக்கக் கொடுத்தது துரோகமே" என்றார்.

பூதி அவர் முன்னால் போய்க் கைகூப்பினாள். "ஐயா, அந்தப் பஞ்சத்தில் நீங்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள்?"

"குளத்து நீர்தான். தீர்த்தமாகக் குடித்தேன்."

"தீர்த்தம் உள்ளங்கை அளவுதானே ஐயா? உங்கள் வீட்டுக்குக் குடம் குடமாகப் போனதே!"

பண்டிதர் தலைகுனிந்தபடி எழுந்தார். "தாகத்துக்குத்தான் குடித்தேன் அம்மா. என்னைக் காப்பாற்றிய அதே நீரை ஊருக்குக் கொடுத்ததற்காக உன் மகளைத் தண்டித்தேன். அவள் குற்றமற்றவள்."

அன்றே தீர்ப்பு மாறியது. மன்னன் ஆணைப்படி தெருத்தெருவாகப் பறையறைந்தார்கள். "சேந்தி குற்றமற்றவள்! சேந்தி இந்த ஊரைக் காத்தவள்!"

அத்தனை வருடம் யாரும் சொல்லாத பெயர். பூதி ஓடிப்போய்ப் பறையறைபவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தரம் சொல்லப்பா" என்றாள். அவன் சொன்னான். அவள் நின்று கேட்டாள்.

அதனால் அறிந்துகொள்ளுங்கள்: அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர் இறந்துபோனாலும், அவருக்காக நியாயம் கேட்கும் கடமை உயிரோடு இருப்பவர்களுக்கு உண்டு.